நடுவரின் அருகே நின்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் ரக்பி அணியின் சாம் வார்பர்ட்டன் 22 வயதில் உலகக் கோப்பைக்குத் தலைவராகச் சென்றார், அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கினார், 29 வயதில் ஓய்வு பெற்றார். இளம் தோளில் தலைமையைச் சுமத்தியதால்தான் அவர் வாழ்க்கை பாதியில் முடிந்ததோ? பிரெஞ்சுத் தந்தைக்குப் பிறந்தவரை பிரான்ஸ் ஆடும் ஆட்டத்துக்கு நடுவராக வைத்தது அநீதி இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அந்த அரையிறுதியின் நடுவர் அலைன் ரோலண்டின் தந்தை யார் என்ற கேள்வியை நீங்கள் எழுப்பியிருக்கவே கூடாது. எதிரணி வீரரைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்துக் கைவிட்டால் சிவப்பு அட்டை என்பது அன்று நடுவர்களுக்குத் தெளிவாக அறிவுறுத்தப்பட்டிருந்தது. வார்பர்ட்டன் தூக்கிய பிரான்ஸ் வீரர் வின்சென்ட் கிளேர்க் விழுந்த விதத்தை ஒருமுறை பார்த்தாலே போதும். தண்டிக்கப்பட்டவரே ஏற்றுக்கொண்ட தீர்ப்பை நாம் இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிளறுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

'பாதியில் முடிந்தது' என்பதும் தவறு. வேல்ஸுக்காக 74 ஆட்டங்கள், அவற்றில் 49 தலைவராக. 24 வயதில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களில் சிறந்தவர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியின் மிக இளைய தலைவர். அவரை நிறுத்தியது தலைமையின் சுமை அல்ல, உடல். அவர் ஆடிய இடமான 7ஆம் எண் ஃபிளாங்கரின் வேலை, விழுந்தவரின் மேல் குனிந்து பந்தைப் பறிப்பது. இரு கைகளும் பந்தில் இருக்க, கழுத்து திறந்து கிடக்கும். அந்தக் கழுத்தின் மேல்தான் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் ஓடிவந்து மோதுவார்கள். கழுத்திலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவரின் உடல் 2018இல் இனி முடியாது என்றது.

நான் சொல்ல விரும்புவது வேறு. ரக்பியில் நடுவரிடம் கேள்வி கேட்கும் உரிமை அணித்தலைவர் ஒருவருக்கே உண்டு. மாணவப் பருவத்தில் கால்பந்து அணிக்குத் தலைவனாக இருந்த நான், ஒரு தவறான தீர்ப்புக்காக நடுவரின் முகத்துக்கு நேரே கத்தினேன். அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் தோழர்களுக்காகப் பேச வேண்டிய ஒரே வாயை நானே அடைத்துவிட்டேன் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

2011 அக்டோபர் 15, ஆக்லாந்தின் ஈடன் பார்க். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பத்து நாள் முன்புதான் 23 வயது நிறைந்த பையன், அட்டையைக் கண்டதும் வாதாடாமல் வெளியேறி, எல்லைக்கோட்டருகே அமர்ந்து, பதினான்கு பேராகப் போராடிய தன் அணி 9-8 என்று ஒரே புள்ளியில் தோற்றதைப் பார்த்தான். அந்த மௌனத்தைப் பலவீனம் என்று நினைப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

ஏனென்றால் 2017 ஜூலை 8 அன்று, அதே ஈடன் பார்க்கில், லயன்ஸ் தலைவராக அவர் மீண்டும் நின்றார். நியூசிலாந்துடன் மூன்று ஆட்டத் தொடர் 1-1, கடைசி ஆட்டம் 15-15, இரண்டு மூன்று நிமிடங்களே மிச்சம். லயன்ஸின் கென் ஓவன்ஸ், பந்துக்கு முன்னால் நிற்கும் ஆஃப்சைடு நிலையில் பந்தைத் தொட்டுவிட, நடுவர் ரொமைன் புவாத் பெனால்டி என்று கையை உயர்த்தினார். அது கோலாகியிருந்தால் பெரும்பாலும் தொடரே போயிருக்கும். வார்பர்ட்டன் கத்தவில்லை, கையை விரிக்கவில்லை. அருகே சென்று, தாழ்ந்த குரலில், மறுபடி பார்க்கும்படி கேட்டார். திரையில் பார்த்து, சக நடுவருடனும் பேசிய புவாத், அது தற்செயலான ஆஃப்சைடுதான் என்று தீர்ப்பை மாற்றி நியூசிலாந்துக்கு ஸ்க்ரம் மட்டும், அதாவது இரு அணியினரும் கோர்த்து நின்று பந்துக்காகத் தள்ளும் வாய்ப்பு மட்டும், கொடுத்தார். அந்த மாற்றம் சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். அந்த நெருக்கடியில் ஒரு நடுவர் ஒரு தலைவனுக்குக் காது கொடுத்தார், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இளம் வயதில் தலைமை தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். 22 வயதில் தந்திராவிட்டால், 28 வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்திருக்கும்? ஸ்க்ரம் முடிந்தது, புள்ளி மாறவில்லை. தொடர் சமனில் முடிய, நியூசிலாந்துத் தலைவர் கீரன் ரீடும் வார்பர்ட்டனும் கோப்பையைச் சேர்ந்து பிடித்துத் தூக்கினார்கள்.

அன்புடன்.