மூணு லட்சமும் இன்ஜினுக்கேவா?

கேள்வி: அப்பா ஓட்டிய கான்டெஸ்ஸா கிளாசிக் கார், 1.8 இசுசு இன்ஜின், 5 கியர். டிராக் ரேஸுக்கு (drag race, நேர்கோட்டில் கால் மைல் சீறும் பந்தயம்) தயார் செய்ய ஆசை. இன்ஜினுக்கென்று 3 லட்சம் வைத்திருக்கிறேன், போதுமா சார்?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதும், போதாது என்பதை இன்ஜின் ஹெட்டைக் (மேல்பகுதி) கழற்றிய பிறகுதான் சொல்ல முடியும் தம்பி. கடற்கரை ஊர் வண்டி, கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர்வெல் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓடியிருந்தால் பிளாக்கின் தண்ணீர்ப் பாதை முழுக்கத் துருச்சேறு அடைத்திருக்கும், அதைப் பார்க்காமல் பிஸ்டனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் லேத் பட்டறையில் சிலிண்டர் போரை (பிஸ்டன் ஓடும் துளை) அளக்கச் சொல்லுங்கள், அளவு வந்த பிறகு பிஸ்டன் வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்து காசை விடுகிறார்கள்.

அப்புறம், மூன்று லட்சத்தையும் இன்ஜினிலேயே கொட்டாதீர்கள். 402 மீட்டர் ஓட்டத்தில் ஆர்பிஎம்மை ஏற்றி கிளட்சைச் சட்டென்று விடும் அந்த ஒரு நொடியில் அடி வாங்குவது கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் இணைப்பு), பின் ஆக்சில்தான். என் கணக்கு: இன்ஜினுக்குப் பாதி, இவற்றுக்குக் கால், மீதிக் காலைத் தொடவே கூடாது, ஏதாவது ஒன்று உடையும். கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவு) ரொம்ப ஏற்றினால் சாதாரண பெட்ரோலில் இன்ஜின் தட்டும் (நாக்கிங்), உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படும், அந்தச் செலவு தனி.

சோதனை ஓட்டத்தை ஈசிஆரில் வைத்துக்கொள்ளாதீர்கள், சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் (track) வைத்துக்கொள்ளுங்கள்.