சேவல் எந்த ஊர்ச் சேவல்?

போலந்தில் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சுவரையும் தலையணையையும் பற்றியவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: நினைவுப்பொருள் கடை ஒன்றில், கையால் வெட்டிய, வோவிச் என்ற ஊரின் காகிதச் சித்திரம் என்று சொல்லி 180 ஸ்லோட்டிக்கு ஒரு படம் விற்றார்கள். வீட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது பார்த்தால் அச்சடித்த தாள். திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். (மாணவி, கிராகோவ்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கடைக்கு நேரில் போய் வாங்கியதைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர இங்கே சட்டத்தில் உரிமை கிடையாது. கடைக்காரர் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார். ஆனால் உங்கள் புகார் அது இல்லையே. சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு. அதற்கு இரண்டு வருடம் வரை விற்றவர் பொறுப்பு. 'ரெக்லமாத்ஸ்யா' என்று தலைப்புப் போட்டுப் புகார் எழுதி, ரசீது நகலோடு கொடுங்கள். 'கைவேலை' என்று அட்டையில் போட்டிருந்தால் அதையும் படம் எடுத்து இணையுங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. மறுத்தால் உங்கள் நகரத்து நுகர்வோர் காப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள், பணம் வாங்க மாட்டார்கள்.

இனி வாங்குபவர்களுக்கு: வோவிச் வேலையில் பல வண்ணத் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, பெரியதன் மேல் சிறியதாக ஒட்டியிருக்கும். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு இதழுக்கும் நிழல் விழும். குர்பியே பகுதி வேலை வேறு மாதிரி. ஒரே நிறத் தாளை மடித்து வெட்டியது, பிரித்த பிறகும் நடுவில் மடிப்புக் கோடு தெரியும். இரண்டையும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரியால்தான் வெட்டிவந்தார்கள். நிழலும் இல்லை, கோடும் இல்லை என்றால் அது சுவரொட்டி.

கேள்வி: காட்டுப்பூ போட்ட வால்பேப்பர் வாங்கினேன். சுவர் 4 மீட்டர் அகலம், 2.45 மீட்டர் உயரம். கணக்குப் போட்டு 2 ரோல் எடுத்தேன், போதவில்லை. மூன்றாவது ரோல் வேறு பச்சையாக வந்திருக்கிறது. கடை மேல் வழக்குப் போடலாமா? (வ்ரோத்ஸ்வாஃப்)

பதில்: யார் மேல் போடுவீர்கள்? ரோலின் மேல் சுற்றிய தாளை வாசித்தீர்களா? 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம் என்பதற்குக் கீழே 'ராபோர்ட் 64' மாதிரி ஒரு எண் இருந்திருக்கும். பூ மறுபடி வரும் தூரம் அது. பக்கத்துப் பட்டையோடு பூ சேர வேண்டுமானால் 2.45-க்குப் பதில் 2.56 மீட்டர், அதாவது 64-இன் நாலு மடங்கு, வெட்ட வேண்டும். அப்போது ஒரு ரோலில் நாலு பட்டை வராது, மூன்றுதான் வரும். உங்கள் சுவருக்கு எட்டுப் பட்டை. ஆக மூன்று ரோல். அதே தாளில் உற்பத்தித் தொகுதி எண்ணும் உண்டு. எண் மாறினால் பச்சையும் மாறும். பழைய எண்ணில் ரோல் மிச்சம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் அலமாரிக்குப் பின்னால் வரும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: என் ஜன்னல் அளவுக்கு அச்சடித்து அனுப்பிய பாப்பிப்பூத் திரை. ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் திருப்பலாமே?

பதில்: அளவு கொடுத்துச் செய்யச் சொன்னதைத் திருப்ப முடியாது.

கேள்வி: பனி மூடிய வயலில் செங்கால் நாரை நிற்கும் மெத்தை உறை, போலந்து இயற்கைத் தொகுப்பாம். வாங்கலாமா?

பதில்: ஆகஸ்ட் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் பறவை அது. வரைந்தவர் வயல் பக்கமே போகாதவர் போல.

கேள்வி: வார்சாவில் வீட்டிலிருந்தே தலையணை உறை, மேசை நடுவே விரிக்கும் நீளத்துணி வடிவமைத்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். போலந்து நாட்டுப்புறக் கோலங்கள் 300 அடங்கிய கோப்புத் தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக் கலந்து போடலாமா, அண்ணா?

பதில்: தங்கச்சி, இது என் நெடுநாள் எரிச்சல். பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த மாதிரித் தொகுப்பை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். வோவிச் காகித வேலையில் வரும் சேவல், வடக்கே கஷுபி மக்களின் எம்பிராய்டரிப் பூ, மலைக்காரர்களின் பார்ஸெனித்ஸா மூன்றும் ஒரே தாளில், ஒரே சிவப்பில் இருந்தன. கஷுபிப் பூவுக்கு ஏழு நிறம், அதில் நீலம் மட்டுமே மூன்று. பார்ஸெனித்ஸா என்பது டாட்ரா மலைப்பக்க ஆண்களின் கம்பளிக் கால்சட்டையில், தொடைக்கு மேலே வரும் தையல். அதன் மேல் சேவலை உட்காரவைத்து 'போலந்து பாணி' என்று விற்றால், வாங்குகிற வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டி சிரிப்பார்.

இன்னொன்று. மரபுக் கோலம் எல்லோருக்கும் பொது, ஒருவர் கையால் வரைந்த படம் அப்படியில்லை. ஸாலிபியே கிராமத்தில் வீட்டுச் சுவரெல்லாம் பூ வரைந்து பேர் வாங்கிய ஃபெலித்ஸ்யா த்ஸுரிவோவா இறந்தது 1974-இல். அதன்பின் 70 வருடம் பதிப்புரிமை இருக்கிறது. தொகுப்பு விற்றவர் யாருடையதை நகல் எடுத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வக்கீல் கடிதம் வந்தால் உங்களுக்குத்தான் வரும்.

ஒரே ஊரை எடுங்கள். குர்பியேக்காரர்கள் தாளை மடித்து வெட்டும் 'லெலுயா' மரம் ஒன்றைப் பெரிதாக்கி, சாயமில்லாத லினன் துணியில் ஒரே பாசிப்பச்சையில் போட்டுப் பாருங்கள். சேவல் வேண்டாம். இயற்கைதான் வேண்டுமென்றால் கிழக்கு எல்லையில் இருக்கும் பியாவோவியெஸாக் காட்டில் விழுந்து கிடக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையை உரித்துப் பாருங்கள். பட்டைவண்டு குடைந்த வழிகள், நடுவில் ஒரு தடம், இருபுறமும் கிளைத்தடங்கள், இலை நரம்பு போலவே இருக்கும். இந்த வண்டைச் சாக்கிட்டு மரம் வெட்டிய விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், வெட்டியது தவறு என்று 2018-இல் தீர்ப்பானது. அந்தத் தடத்தை எந்தத் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை. அப்புறம், லினனைத் துவைத்துச் சுருங்கவிட்டு வெட்டுங்கள். நான் துவைக்காமல் தைத்த மேசைவிரிப்பு இப்போது ஸ்டூலுக்குத்தான் சரியாக இருக்கிறது.

கேள்வி: போலெஸ்வாவியெத்ஸ் ஊரில் செய்த கோப்பை, இரண்டாம் தரம் என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. கோப்பையின் அடியில் 'போலந்தில் கையால் செய்தது' என்ற முத்திரை இருக்கிறதா, உள்பக்கம் கீறல் இல்லையா என்று மட்டும் பாருங்கள். ஸ்பாஞ்சு அச்சால் குத்திய கோலம் கிளேஸுக்கு அடியில் இருப்பதால் போகாது. நான் முதலில் சந்தையில் வாங்கியது ஒட்டுப்படம் போட்ட போலி. ஆறே மாதத்தில் பாத்திரம் கழுவும் மெஷின் நீல மயில்கண் கோலத்தை எல்லாம் தின்றுவிட்டது. இப்போது மேசையில் இருப்பது இரண்டாம் தரம். கைப்பிடி பக்கம் ஒரு கண் பாதிதான் விழுந்திருக்கிறது.