வாடகைப் படியும் வயிற்றுப்பாடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் டியாகோவில் பதினேழு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் நண்பர் குழு மாதம் ஒரு சனிக்கிழமை உணவு வங்கியில் தொண்டு செய்கிறது. சென்ற மாதம் கடற்படைக் குடியிருப்புக்கு அருகில் நடந்த விநியோகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பணியில் இருக்கும் படைவீரர்களின் குடும்பத்தினர். மாதச் சம்பளம், இலவச மருத்துவம், வாடகைப் படி, படைத்தளத்தின் விலை குறைந்த கமிஸரி கடை எல்லாம் இருந்தும் இவர்களுக்கு அரசின் உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப்பும் வேண்டுமா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. இருபத்திரண்டு வயதில் திருமணம், இரண்டு குழந்தைகள், வாசலில் புது டிரக். நம் பெற்றோர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நம்மை வளர்த்தார்கள், யாரிடமும் கையேந்தவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று கிடையாதா? வரி செலுத்துபவன் என்ற முறையில் கேட்கிறேன்.

ஆர்., சான் டியாகோ

அன்புள்ள ஆர்.,

மாதந்தோறும் ஒரு சனிக்கிழமையைப் பிறருக்காக ஒதுக்குபவர் நீங்கள். அப்படிப்பட்டவரின் உறுத்தலைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுப்பு என்பது உண்டு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் தம் வாழ்க்கையில் எதையெல்லாம் தாமே முடிவு செய்ய முடியுமோ அதற்குத்தான் அவரைப் பொறுப்பாக்க முடியும். அமெரிக்கப் படையின் கீழ்நிலை வீரர் ஒருவர் தாமே முடிவு செய்யக்கூடியவை எவ்வளவு குறைவு என்பதை உங்கள் கடிதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் வரவைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில், பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாத ஒரு லான்ஸ் கார்ப்பரலின் (மரைன் படையின் கீழ்நிலை வீரர்) அடிப்படை மாதச் சம்பளம் 2,377 டாலர். உணவுப் படி 460 டாலர். அது வீரர் ஒருவரின் சாப்பாட்டுக்கென்று கணக்கிடப்பட்டது, மனைவி மக்களுக்கு அதில் பங்கு வைக்கப்படவில்லை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,840 டாலர். ஸ்நாப் என்று இன்று அழைக்கப்படும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஆண்டின் கூட்டாட்சி வருமான வரம்பு மாதம் 3,250 டாலர். ஆகவே மனைவிக்கு வேலை இல்லாத, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு உதவி கிடைத்திருக்க வேண்டும். சான் டியாகோவில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கே வெளியே வீடு எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு 3,000 டாலருக்கு மேல் வாடகைப் படி வருகிறது, ஸ்நாப் விதிகள் அதை அப்படியே வருமானமாக எண்ணுகின்றன. கலிபோர்னியா தன் வரம்பை வறுமைக்கோட்டின் இரு மடங்காக, அதாவது அன்றைய நிலவரப்படி 5,000 டாலராக, உயர்த்தி வைத்திருந்தும் இந்தக் குடும்பம் அதைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணமோ மாதத்தின் முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரின் கணக்குக்குப் போய்விடுகிறது. அது முழு வாடகைக்கும் போதாது. சராசரி வாடகைச் செலவில் ஐந்து விழுக்காட்டை வீரரே ஏற்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறை வகுத்த கணக்கு.

இதே வாடகைப் படியை வருமான வரித்துறை வருமானமாகக் கொள்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான விக் திட்டத்திலோ, மாநிலங்கள் அதை விலக்கிவிடலாம் என்று சட்டமே இடம் தருகிறது. ஒரே பணம் ஒரு மேசையில் வருமானமாகவும் அடுத்த மேசையில் வருமானமல்லாததாகவும் இருக்கிறது. ஆகவே வரிசையில் நீங்கள் பார்த்தவர்களில் பலர் ஃபுட் ஸ்டாம்ப்பும் வாங்கிக்கொண்டு உணவு வங்கிக்கும் வந்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. அது மறுக்கப்பட்டதால் வந்தவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மனைவி வேலைக்குப் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படை அவர்களை நாட்டின் இன்னொரு மூலைக்கு மாற்றுகிறது. ஒரு மாநிலத்தில் வாங்கிய ஆசிரியர் உரிமமும் செவிலியர் உரிமமும் அடுத்த மாநிலத்தில் செல்லுபடியாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கணவர் ஆறேழு மாதம் கப்பலில் இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தையோ பாட்டியோ அருகில் இருப்பதில்லை. 2021இல் பாதுகாப்புத் துறை எடுத்த கணக்கெடுப்பில், வேலை தேடும் படைவீரர் துணைவர்களில் 21 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தனர். நம் பெற்றோர் வாயைக் கட்டியது உண்மை. ஆனால் அவர்கள் இருந்த ஊரிலேயே இருந்தார்கள், முடை வந்தால் கைமாற்று தரத் தெருவில் நான்கு பேராவது இருந்தார்கள்.

திருமணத்தைப் பற்றிய உங்கள் கருத்தைப் படையே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. கட்டாயப் படைச்சேர்ப்பு 1973இல் முடிவுக்கு வந்தபின் குடும்பஸ்தர்கள் நிறைந்த படையாக அது மாறிவிட்டது. 1993 ஆகஸ்டில் மரைன் படைத் தலைவர் ஜெனரல் கார்ல் மண்டி, திருமணமானவர்களைப் புதிதாகச் சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்துமாறு ஆணையிட்டார். சில நாட்களுக்குள்ளேயே அன்றைய பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் அதை ரத்துசெய்தார். குடும்பத்தோடு வருபவரையும் ஏற்போம் என்று அரசு அன்று தெரிந்தேதான் முடிவெடுத்தது. அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கும் அந்த முடிவின் பகுதிதான் என்பது என் கருத்து.

டிரக் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. படைத்தளங்களின் வாசலைச் சுற்றியுள்ள சாலைகளில் கார் விற்பனைக் கடைகளும் கடன் கொடுக்கும் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. பத்தொன்பது வயதில் கைக்கு வரும் முதல் சம்பளத்தை நம்பி அதிக வட்டிக்குக் கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறான முடிவுதான். இந்த இளைஞர்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்று உணர்ந்துதான் 2006இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் படைவீரர்களுக்கான பலவகைக் கடன்களின் வட்டிக்கு 36 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. ஆனால் வாகனம் வாங்கும் கடனை அந்தச் சட்டம் வெளியே விட்டுவிட்டது.

என் மகள் ஓஷன்சைடில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, மரைன் படைத்தளமான கேம்ப் பெண்டில்டனுக்கு அருகில் நடந்த இப்படியொரு விநியோகத்துக்கு நானும் போயிருந்தேன். காரின் டிக்கியில் பெட்டியை வைப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு காரின் பின்பக்கக் கொக்கியில் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் தைத்திருந்த பெயர் தெரியாதபடி அதன்மேல் குழந்தையின் மஞ்சள் போர்வையைப் போர்த்தியிருந்தார் அந்த இளைஞர். கண்ணாடியைப் பாதி இறக்கி, பால்மாவு இருக்கிறதா என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். அன்று பால்மாவு இல்லை. நன்றி சொல்லிவிட்டு, காய்கறிப் பெட்டியோடு போனார். பொறுப்பில்லாதவர் என்று அவரை என்னால் எண்ண முடியவில்லை. குழந்தைக்காகத் தன் மானத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அவர் வந்திருந்தார்.

அந்த மறைப்புக்குக் காரணம் இருக்கிறது. கடன் நெருக்கடி, ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் பாதுகாப்பு அனுமதியைப் பறித்துவிடலாம், அனுமதி போனால் வேலையின் தன்மையே மாறிவிடும். வீரர்களை ஃபுட் ஸ்டாம்ப்பிலிருந்து மீட்பதற்கென்றே 2001இல் தொடங்கப்பட்ட துணைப்படிக்கு மேலதிகாரி வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தன் வீட்டில் அரிசி இல்லை என்று தன் கமாண்டரிடம் யார் போய்ச் சொல்வார்? மிகச் சிலரே அதை வாங்கினார்கள். 2016இல் அமெரிக்காவுக்குள் அது நிறுத்தப்பட்டது. குறைந்த வருமானமுள்ள வீரர்களுக்கென்று 2023இல் வந்த அடிப்படைத் தேவைப் படியும் பொதுவாக வாடகைப் படியைக் கணக்கில் சேர்ப்பதால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களுக்கே எட்டியது. 2020ஆம் ஆண்டு நிலவரப்படி பணியில் உள்ள வீரர்களில் 24 விழுக்காட்டினருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்று பாதுகாப்புத் துறையே 2022இல் ஒப்புக்கொண்டது.

தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லை அரசு எப்படிக் கையாள்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த அரசு முடக்கத்தில் கடலோரக் காவல் படையினருக்குச் சம்பளம் வரவில்லை. கப்பலில் பணி மட்டும் நிற்கவில்லை. அப்போது அந்தப் படையின் உதவிப் பிரிவு வெளியிட்ட குறிப்பு, வீட்டிலுள்ள பழைய பொருட்களை விற்கலாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்யலாம், நாய்களை நடைக்குக் கூட்டிப் போகலாம் என்று யோசனை சொன்னது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதுபற்றி விசாரித்தபின் அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

2025 ஏப்ரலுக்குள் கீழ்நிலை வீரர்களின் சம்பளம் மொத்தம் 14.5 விழுக்காடு உயர்த்தப்பட்டது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஸ்நாப் கணக்கிலிருந்து வாடகைப் படியை நீக்குவதற்கான மசோதாக்கள் காங்கிரஸில் திரும்பத் திரும்ப முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. வரி செலுத்துபவர் என்ற முறையில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதே முறையில் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள். வீட்டுக்காரருக்குப் போகும் பணத்தை ஏன் அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை விநியோகத்துக்குப் போகும்போது, முடிந்தால் பால்மாவு டப்பாக்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்