கையால் ஓட்டினால் எஸ்எஸ்எச் (வேறொரு சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) நுழைகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) மட்டும் ஏன் அனுமதி மறுக்கப்படுகிறது?

பெரும்பாலும் சாவியில் (நுழையும்போது நீங்கள் யார் என்று காட்டும் கோப்பு) கோளாறு இருக்காது. நீங்கள் லாகின் செய்திருக்கும்போது எஸ்எஸ்எச் ஏஜென்ட் சாவியைத் திறந்து நினைவில் வைத்திருக்கும். கிரானுக்கு அந்த ஏஜென்ட் இருக்கும் இடமே தெரியாது. சாவியைத் திறக்கும் கடவுச்சொற்றொடரைத் தட்டச்சு செய்ய அங்கே ஆளும் இல்லை.

வேலை எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ரூட்டின் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகப் பயனர்) கிரான் என்றால் சாவியையும் தெரிந்த சர்வர்களின் பட்டியலையும் ரூட்டின் ஹோம் ஃபோல்டரில்தான் தேடும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம், இதற்கென்றே கடவுச்சொற்றொடர் இல்லாத தனிச் சாவி உருவாக்கி, அதன் முழுப் பாதையையும் கட்டளையில் கொடுங்கள். கோப்பு அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். அந்தச் சாவியால் எதிர் சர்வரில் ஒரே ஒரு கட்டளை மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்துங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். இன்னும் நுழையவில்லையா? எஸ்எஸ்எச் கட்டளையில் மூன்று 'வி' (-vvv) சேர்த்து, வெளியீட்டை லாக் கோப்புக்கு அனுப்புங்கள். எந்தச் சாவியை முயன்றது என்பது அதில் இருக்கும்.