பரணில் கிடக்கும் பழைய கணினியை மறுபடி ஓட வைக்கலாமா?

2005 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப்பும் அரசு கொடுத்த மடிக்கணினியும் வீட்டில் சும்மா கிடக்கின்றன, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை போடாதீர்கள். எங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இதே ஜோடிதான் இருந்தது.

டெஸ்க்டாப் அப்பாவுடையது. பென்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி டிஸ்க். பத்து வருடத்துக்கு மேல் பித்தளைப் பாத்திரங்களோடு பரணில் இருந்தது. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் இறக்கினோம். தம்பி உடனே பிளக்கைச் சொருகப் போனான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். இத்தனை வருடம் சும்மா இருந்த அதன் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சிறு பாகங்கள்) எந்த நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மின்னழுத்தம் தாறுமாறாகப் போனால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். கணினி வேறு வாங்கிக்கொள்ளலாம், டிஸ்க்கில் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதனால் டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். அந்தக் கால டிஸ்க்குகளில் பல, பட்டையான ரிப்பன் கேபிள் போடும் ஐ.டி.இ. வகை. அதை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டர் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. மட்டும் போதாது. டிஸ்க் சுழன்றதும் எதையும் திறந்து பார்க்காமல் முழுவதையும் முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

உள்ளே அப்பா 2006ல் எழுதிய ஒரு கோப்பு இருந்தது. எங்கள் ஊர் ஏரியைப் பற்றியும், தாத்தா சொன்ன வெள்ளக் கதைகளைப் பற்றியும் நாற்பது பக்கம். இப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். சிலர் இதைப் பார்த்துவிட்டு 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அது பாமினி எழுத்துருவில் அடித்தது, அவ்வளவுதான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளிக்கான இடத்தில். எழுத்துரு இல்லாத கணினியில் அது அரைப்புள்ளியாகவே தெரியும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரிந்துவிடும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருளில் போட்டால், இன்று எல்லாக் கருவிகளிலும் தெரியும் ஒருங்குறிக்கும் (யூனிகோடு) மாறிவிடும். ஒரு சிக்கல் உண்டு: நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் புரியாத தமிழாக மாறும், கையால்தான் திருத்த வேண்டும். அப்பாவே மூன்று சாயங்காலம் உட்கார்ந்து திருத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சரி, மடிக்கணினிக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது. இந்த வகை நன்றாகவே பிழைக்கும். முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தாமல் அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரில் நேராக ஓட்டுங்கள். ராமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினாலே திரை வராத பல கணினிகளில் திரை வந்துவிடும். தேதி பழைய வருடத்துக்கே போய்க்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032 வகைதான், விலையும் குறைவு. தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் 'பாதுகாப்பானதல்ல' என்று திறக்க மறுக்கும், நாம் இணையம்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

அப்புறம், பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டேன், 2 ஜிபி ராமை 4 ஆக்கினேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யையே வாங்குங்கள். முன்பு திறக்க நாலு நிமிடம் ஆனது, இப்போது ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14லேயே முடிந்துவிட்டதால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன். பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவலாம். அக்கா மகள் இப்போது அதில்தான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுகிறாள்.

டெஸ்க்டாப்பை நான் பிழைக்க வைக்கவில்லை. மூடியைத் திறந்தபோது மதர்போர்டில் நாலைந்து கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அந்தக் காலப் போர்டுகளில் அடிக்கடி பார்க்கிற நோய்தான் இது. மாற்றிச் சால்டர் செய்யலாம். ஆனால் அது பழைய 32 பிட் வகை இயந்திரம், புதிய இயங்குதளங்கள் பலவும் 64 பிட்டுக்குத்தான் வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் அதற்கு நிறுவியே (இன்ஸ்டாலர்) கிடையாது. ஆன்டிஎக்ஸ் மாதிரி சில லினக்ஸ்கள் இன்னும் ஓடும், ஆனால் அந்த டெஸ்க்டாப் செய்யும் வேலைக்கு இழுக்கும் மின்சாரம் அதிகம். உங்களுடையதையும் திறந்து கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். எங்களுடையது பழைய துணியில் சுற்றி அப்பாவின் பீரோவில் இருக்கிறது.