விற்கப்போகும் வீட்டுக்கு 38,000 வெள்ளி செலவு செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 24 வருடமாக இருக்கிறோம். வீட்டுக்கடன் அடைத்தாகிவிட்டது, குத்தகையில் இன்னும் 62 வருடம் மிச்சம். பிள்ளைகள் இருவரும் தனிக்குடித்தனம் போய்விட்டதால் விற்றுவிட்டு மூவறை வீட்டுக்கு மாற நினைக்கிறோம். ரினவேஷன் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். அடுப்படி கேபினட், இரண்டு கழிவறை, தரைக்கு வினைல், கழிவறைக் கூரையில் இருக்கும் பழுப்புக் கறையை மறைக்க ஃபால்ஸ் சீலிங், எல்லாம் சேர்த்து 38,000 வெள்ளி ஆகுமாம். செய்தால் 50,000 கூடுதலாகக் கேட்கலாம் என்கிறார். கையில் ரொக்கம் 12,000தான். மீதி 26,000க்கு வங்கியில் கடன் எடுக்கலாமா? 2005ல் அடுப்படிச் சுவரில் பாதியை இடித்துத் திறந்துவிட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு 59, எனக்கு 56.

பதில்: அக்கா, அந்த கான்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், கடனும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கணக்கை நம்பி சேமிப்பைக் கரைத்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டை வாங்குபவர் பணத்தை எங்கிருந்து கொண்டு வருகிறார் என்று முதலில் பாருங்கள். 2014 மார்ச்சிலிருந்து வீவக மறுவிற்பனையில் விலையைப் பேசி முடித்து ஆப்ஷன் (வாங்குபவருக்கு விற்பவர் எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரம்) கொடுத்த பிறகுதான் வீட்டின் மதிப்பீடே கேட்க முடியும். வீட்டுக்கடனும் மசேநிதிப் (மத்திய சேம நிதி) பணமும் அந்த மதிப்பீட்டுக்குள்தான் அடங்கும். பேசிய விலை 560,000, மதிப்பீடு 530,000 என்று வைத்துக்கொள்வோம். கடன் அதிகபட்சம் 530,000இல் 75 சதவீதம், அதாவது 397,500 வெள்ளி. மேலே நிற்கும் 30,000 முழுக்க முழுக்க ரொக்கம். சிஓவி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அதற்குக் கடன் கிடையாது, மசேநிதியும் தொட முடியாது.

மதிப்பீட்டாளர் பார்ப்பது பக்கத்து புளோக்குகளில் அண்மையில் என்ன விலைக்குப் போனது, எத்தனையாவது மாடி, எவ்வளவு பரப்பு, குத்தகை எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம்தான். புது கேபினட்டுக்காக அவர் 50,000 ஏற்றிப் போடப்போவதில்லை. அப்படியானால் நீங்கள் கேட்கும் அந்த 50,000 வாங்குபவரின் பையிலிருந்து ரொக்கமாக வர வேண்டும், அவரோ அந்த ரொக்கத்தைத் தன் விருப்பப்படி வீட்டைப் புதுப்பிக்க எடுத்து வைத்திருப்பார், ஏனென்றால் ரினவேஷனுக்கும் மசேநிதியை எடுக்க முடியாது.

போன வருடம் புக்கிட் பாத்தோக்கில் என் தங்கை வீட்டை விற்றபோது நானும் கூட இருந்தேன். வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அந்தத் தம்பி நேரே கழிவறைக்குப் போய், கதவுக்கு அடியில் தண்ணீர் பட்டு ஊதியிருந்த மரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், குழாயைத் திறந்துவிட்டு பேசினுக்கு அடியில் கையை வைத்துத் தடவினார், அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி அடுப்படியில் நின்று, "இந்த கேபினட்டையெல்லாம் எடுத்துடலாம்" என்றார். தங்கை அதைப் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 9,000 வெள்ளி.

வீடு பார்க்க வருபவர்களின் கண் போவது இப்படித் தண்ணீர் பட்ட இடத்துக்குத்தான். உங்கள் வீட்டில் அந்த இடம் கழிவறைக் கூரையின் பழுப்புக் கறை. அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கச் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. மறைத்தால் கசிவு நிற்கப்போவதில்லை, உள்ளே கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிர ஆரம்பிக்கும், வாங்கிய பிள்ளைகள் ஆறு மாதத்தில் அதன் அடியில் வாளி வைக்க வேண்டியிருக்கும். மேல்வீட்டுக் கழிவறைத் தரையிலிருந்து வரும் கசிவு என்றால் பொறுப்பு இரண்டு வீட்டுக்கும் உண்டு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதிப் பாதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். முதலில் இதை முடியுங்கள்.

கழிவறையை நீங்களே உடைத்துக் கட்டும் முன் இன்னொன்றும் பாருங்கள். 1997 வரை கட்டப்பட்ட புளோக்குகளுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் உண்டு, உங்களுடையது அதற்குள் வரும் வயதுதான். ஏற்கெனவே வந்துவிட்டதா, இனிமேல்தான் வருகிறதா என்று விசாரியுங்கள். அதில் கழிவறை மேம்பாட்டுக்குக் குடிமக்கள் கட்டுவது, வீட்டின் வகையைப் பொறுத்து, செலவில் 5 முதல் 12.5 சதவீதம் வரைதான். வரப்போகிறது என்றால் வாங்குபவரிடம் தைரியமாகச் சொல்லலாம், இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி நீங்கள் செய்யத் தேவையில்லை.

அடுத்து அந்தச் சுவர். 2005ல் இடித்தபோது வீவக அனுமதி வாங்கினீர்களா? கடிதத்தைத் தேடி எடுங்கள். விற்பனை நடக்கும்போது வீவக வீட்டைச் சோதிக்கும், அனுமதி இல்லாத வேலை இருந்தால் விற்பவர்தான் சரிசெய்ய வேண்டும். அது கடைசி நேரத்தில் வந்தால் நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போவதே தள்ளிப்போகும். கையில் இருக்கும் 12,000த்தைக் காப்பாற்றி வைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

குத்தகை விஷயத்தையும் மனதில் வையுங்கள். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை போதுமானதாக இருந்தால்தான் மசேநிதியை முழு அளவுக்குப் பயன்படுத்த முடியும், 2019 மே மாதத்திலிருந்து இப்படித்தான். 62 வருடம் என்றால் 33 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சிக்கலில்லை. 27 வயதுத் தம்பதிக்கு அளவு குறையும், அவர்கள் கூடுதல் ரொக்கம் போட வேண்டியிருக்கும். வினைல் தரை இதை மாற்றாது.

நம்மவர்கள் பலர் கடைசியில்தான் கேட்கும் இன்னொரு விஷயம், இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989லிருந்து இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 சதவீதம் என்று உச்சவரம்பு. உங்கள் புளோக்கிலோ வட்டாரத்திலோ சீனர் வரம்பு எட்டியிருந்தால் இந்தியரான நீங்கள் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வரும் கூட்டம் பெரிய அளவில் சுருங்கிவிடும். அந்த நிலையில் 38,000 வெள்ளி போட்டு விலையை ஏற்றி வைத்தால் வீடு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மாறாக இந்தியர் வரம்பு எட்டியிருந்தால் அங்கே வீடு வாங்க விரும்பும் இந்தியர் உங்களைப் போன்ற இந்தியர்களிடம் மட்டுமே வாங்க முடியும், அது உங்களுக்கு நல்லது. வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும், மாதம் பிறந்ததும் புதுப்பிப்பார்கள். விலை சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

கடன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். வங்கிகள் பொதுவாக மாதச் சம்பளத்தைப் போல் ஆறு மடங்கு அல்லது 30,000, எது குறைவோ அதுவரை, ஐந்து வருடத்துக்குக் கொடுக்கும். 26,000க்கு 5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 490 வெள்ளி, வட்டி மட்டும் 3,400க்கு மேல். அண்ணனுக்கு 64 வயதாகும்வரை இதைச் சுமப்பதா? வீட்டை விற்றதும் மொத்தமாக அடைக்கலாம் என்றால், விற்கும் தேதி உங்கள் கையில் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? 4,000 வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வீடு முழுக்க வெள்ளையோ இளமஞ்சளோ பெயிண்ட். நம் வீடுகளில் தாளித்துத் தாளித்து ஜன்னல் கண்ணாடியிலும் அடுப்புக்கு மேலேயும் பிசுக்கென்று எண்ணெய்ப்படலம் ஒட்டியிருக்கும், நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படாது, வருபவர் மூக்குக்குத் தெரியும். ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். சாமி மாடம் அப்படியே இருக்கட்டும், விளக்குப் புகை படிந்த மேற்சுவரை மட்டும் துடைத்துப் பெயிண்ட் அடியுங்கள். ஊதிப்போன கதவு, சொட்டும் குழாய், எரியாத விளக்கு, திறக்கச் சிரமப்படும் ஜன்னல் இதெல்லாம் மாற்றுங்கள். பிள்ளைகளின் பழைய கட்டில், மேசை எல்லாம் கொடுத்துவிட்டால் அறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

கசிவு சரியான பிறகே பெயிண்ட், வரிசை மாறினால் இரண்டு தடவை செலவு. அதனால் இந்த வாரமே மேல்வீட்டுக்காரரைப் பாருங்கள், வீவக கிளை அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். கூடவே உங்கள் இருவரின் மசேநிதிக் கணக்கில் வீட்டுக்காக எடுத்த தொகையையும், 2.5 சதவீத வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். விற்றபின் கைக்கு வரும் ரொக்கம் தெரிந்தால் அந்த மூவறை வீட்டுக்கு எவ்வளவு வரை போகலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.