வற்றிய கிணறும் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறும்

பக்கத்து வீட்டார் ஆழ்துளைக் கிணறு போட்டபின் சென்னையிலுள்ள உங்கள் திறந்த கிணறு வற்றிவிட்டதாகவும், அவர்கள்மீது வழக்குத் தொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது; ஆனால் வழக்கில் வென்றாலும் கிணற்றில் நீர் ஊறிவிடாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்வதால், 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பொருத்திய குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும் (பல வீடுகளில் அது மண்ணடைத்துக் கிடப்பது வருத்தத்திற்குரியது). அதைச் சுத்தம் செய்து, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றியபின், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டும் தொட்டி வழியாக மாடி நீரைக் கிணற்றிலேயே விடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அந்த அண்டை வீட்டாரிடமும் பேசுங்கள். அவர்கள் தங்கள் மனையில் இறக்கும் மழைநீரும் உங்கள் கிணற்றின் ஊற்றுக்கு உதவக்கூடும்.